மேட்டில நிக்கிற எஞ்சின்: சப்ரகமுவத் தோட்டத்து வாகனங்களுக்கு ஒரு சின்ன வரலாறு

தெரணியகலைப் பக்கமோ இறக்குவானைப் பக்கமோ ஒரு பழைய வாகனம் மேடு ஏறும்போது பாதியில நின்னுட்டா, சுத்தி நிக்கிறவங்கள்ல மூணு பேர் மூணு காரணம் சொல்லுவாங்க. வயசான ஒருத்தர், "பொயின்ட் கருகியிருக்கும், ஒரசி விடு" என்பார். நடுத்தர வயசுக்காரர், "லைன்ல காத்து ஏறியிருக்கும், பம்ப் பண்ணு" என்பார். இளசு ஒண்ணு, "சென்சர் போயிருச்சு, ஸ்கேன் அடிக்கணும்" என்று முடிவா சொல்லும்.

மூணு பேரும் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அவரவர் காலத்து வாகனம் எதனால் நின்றதோ அதைத்தான் அவரவர் சொல்கிறார். எஞ்சின் நிற்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1950இல் ஒரு கார் நின்ற காரணத்துக்காக 2025இல் ஒரு வேன் நிற்பதில்லை. இடையில் என்ன நடந்தது, யார் வீட்டுக்கு வாகனம் வந்தது, அதைத் திருத்துகிற அறிவு யார் கையில் இருந்தது, இப்போது யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். எஞ்சினைப் பற்றி எழுத எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். மலையக வரலாறு என்றால் நாங்கள் படித்ததெல்லாம் கோப்பி, தேயிலை, சம்பளம், சங்கம், ஒப்பந்தம். எல்லாம் தேவையானதுதான். ஆனால் கொழுந்தையும் இறப்பர் பாலையும் கீழே கொண்டுபோன லொறியைப் பற்றியோ, பிரசவ வலி வந்த பெண்ணை ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன திரீவீலைப் பற்றியோ புத்தகங்களில் ஒரு பக்கம்கூடக் கிடைப்பது கஷ்டம். அந்தப் பக்கத்தை யாராவது எழுதத்தானே வேணும்?

ரயில் போன பிறகு

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டப் பொருள்களை முதலில் பெருமளவில் கொழும்புக்கு இறக்கியது களனிவெளி ரயில். இரண்டரை அடி அகலமே உள்ள சின்னத் தண்டவாளம். 1912இல் அது இரத்தினபுரிக்கு வந்தது, 1919இல் ஓபநாயக்க வரை நீண்டது. ஆனால் 1976இல் அவிசாவளைக்கு அப்பால் உள்ள பாதை மூடப்பட்டது. எஹலியகொடை, இரத்தினபுரி, பெல்மதுளை, காவத்தை, பலாங்கொடை என்று அந்தப் பக்கம் முழுக்க இன்றைக்கும் ரயில் கிடையாது. போகவும் வரவும் ரோடுதான். மலைநாட்டின் மற்ற இடங்களில் பதுளை ரயில் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்துக்கு ஒரு வாகனம் நின்றால் இன்னொரு வாகனம்தான் கதி.

அந்த வாகனமும் நெடுங்காலம் தோட்டத்து மக்களுடையதாக இருக்கவில்லை. தோட்டத்துக்குள் இருந்தது தொரையின் காரும் தோட்டத்து லொறியும்தான். ஒஸ்டின், மொறிஸ் என்று பிரித்தானிய வண்டிகள். வருத்தக்காரரைக் கொண்டுபோக வேண்டுமென்றால் அந்த லொறிதான், அதுவும் மேலிடத்து அனுமதியோடு. 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. சிவப்பு பஸ் மெயின் ரோட்டுக்கு வந்தது. லயத்துக்கு வரவில்லை.

அந்தக் காலத்து எஞ்சின் எப்படி நின்றது என்று பார்ப்போம். பெற்றோல் எஞ்சினுக்கு அடிப்படையில் மூன்று தேவை: சரியான அளவு காற்று, சரியான அளவு எண்ணெய், சரியான நேரத்தில் ஒரு நெருப்புப் பொறி. காற்றையும் பெற்றோலையும் கலந்துகொடுத்தது கார்பரேட்டர். பொறிக்கு நேரம் குறித்தது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடுகிற பொயின்ட். அந்தப் பொயின்டுக்கு இடையில் இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர். அது கருகினாலோ இடைவெளி மாறினாலோ பொறி பலவீனமாகும். மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தால் பொறி வழிதவறிப் போகும். வெயிலில் நீண்ட மேடு ஏறினால் பெற்றோல் குழாய்க்குள்ளேயே பெற்றோல் கொதித்து ஆவியாகி வழியை அடைக்கும். அதற்கு வைத்தியம் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்சம் காத்திருப்பது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தக் குறைகள் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தன, காதுக்குக் கேட்டன, மூக்குக்கு மணத்தன. கருகிய பொயின்டைப் பார்க்கலாம். கார்பரேட்டர் நிரம்பி வழிந்தால் பெற்றோல் மணக்கும். அதனால் திருத்துகிறவரின் அறிவு அவருடைய உடம்பிலேயே இருந்தது. அவரைத்தான் நாங்கள் இன்றும் 'பாஸ்' என்கிறோம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது. அவர்களுடைய மொழியில் முதலாளி என்று பொருள், இலங்கையில் கைத்தொழில் தெரிந்தவர் என்று ஆகிப்போனது.

அந்தத் தொழிலை அரச வேலையாகச் செய்யும் வாய்ப்பு எங்கள் ஆட்களுக்கு இருந்ததா? 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக ஆக்கியது. பிரஜை இல்லாதவருக்கு அரச உத்தியோகம் கிடையாது. பஸ் சேவை அரசுடைமையானது நாட்டுக்கே பெரிய திருப்பம். ஆனால் நாடற்ற ஒரு குடும்பத்துப் பையனுக்கு டிப்போ வேலை என்ற கதவு அதோடு சாத்திக்கொண்டது. தோட்டத்து ஃபெக்டரி, தோட்டத்து லொறி, டவுனில் யாராவது ஒருவரின் கராஜ், இவைதான் அவன் பட்டறை. தோட்டத்து மெக்கானிக்கிடம் சான்றிதழ் இருக்காது, கை இருக்கும் என்று சொல்வதன் பின்னால் இந்தச் சட்டமும் இருக்கிறது.

திருத்தித் திருத்தி ஓட்டிய காலம்

1970 முதல் 1977 வரை நாடு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. புது வாகனமும் அரிது, உதிரிப்பாகமும் அரிது. தோட்டங்களும் அதே காலத்தில்தான் கைமாறின. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் அவை அரசின் கைக்குப் போயின. 1992இல் மறுபடி கம்பனிகளிடம் நிர்வாகத்துக்குக் கொடுக்கப்பட்டன. இந்த மாற்றங்களுக்கு நடுவே பழைய லொறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. இல்லாத பாகத்தைக் கடைசல் பட்டறையில் செய்து போடுவது, ஒரு வண்டியின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்துவது என்று இலங்கை கராஜ்களின் கெட்டித்தனம் அந்த நெருக்கடியில் நன்றாகவே கூர்பட்டது.

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது. ஜப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. ஜப்பானில் புதுக் கார் வாங்கி மூன்று வருடத்தில் ஒரு பரிசோதனை, அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. ஷாகென் என்று பெயர். செலவு பிடித்த வேலை. அதனால் அங்குள்ளவர்கள் நல்ல நிலையில் இருக்கும்போதே வண்டியைக் கைமாற்றி விடுவார்கள். அவர்களுக்குப் பழசானது எங்களுக்கு 'ரீகண்டிஷன்' ஆனது. பள்ளிக்கூட வேன், கலியாண வேன், கதிர்காமம் போகிற வேன் எல்லாம் அப்படி வந்தவைதான்.

இந்தக் கட்டத்தின் அரசன் டொல்பின் வேன். டொயோட்டா ஹையேஸின் அந்த உருவத்துக்கு இலங்கை வைத்த செல்லப் பெயர். பழைய டீசல் எஞ்சின். பொறியே தேவையில்லை, அழுத்தத்தில் சூடான காற்றே டீசலை எரிக்கும். எண்ணெயை அளந்து அடிப்பதும் ஒரு இயந்திரப் பம்ப்தான். அது நின்றால் காரணங்களை விரல்விட்டு எண்ணலாம்: ஃபில்டர் அடைப்பு, லைனில் காற்று, எண்ணெயில் தண்ணி, அல்லது சாவியை மூடும்போது எண்ணெயை நிறுத்துகிற சின்ன சொலனாய்ட் வால்வுக்குப் போகிற வயர் கழன்றிருப்பது. ஃபில்டர் தலையில் உள்ள கைப்பம்பை நாலு தடவை அமுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். நடுத்தர வயசுக்காரரின் "பம்ப் பண்ணு" இங்கேயிருந்துதான் வருகிறது.

கூடவே திரீவீல் வந்தது. தோட்டத்து மக்கள் தங்கள் பெயரில், லீசிங்கில் என்றாலும், சொந்தமாக வாங்கக்கூடிய முதல் நாலு பேர் ஏறும் வாகனம் அதுதான். தொரையிடம் கேட்காமல் ஒரு நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது அதனால்தான். 2016இல் தொடங்கி பிறகு நாடு முழுக்க விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இன்று இருக்கிறது, நல்ல சேவை. இருந்தாலும் தோட்டத்து மேல் டிவிஷனில் ஒரு அவசரம் என்றால் இப்போதும் முதல் தட்டுப்படுவது பக்கத்து லயத்துத் திரீவீல்காரரின் கதவு.

லொஸ் ஏஞ்சலிஸ் புகையும் காவத்தை வேனும்

சரி, சென்சர் எங்கிருந்து வந்தது? மேடு ஏற வசதியாக இருக்கட்டும் என்று யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அது புகையின் பிள்ளை. 1940களிலிருந்து அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் பழுப்பு நிறப் புகைமூட்டத்தில் கண் எரிந்துகொண்டிருந்தது. 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், வாகனப் புகையும் எரிபொருள் ஆவியும் வெயிலில் வினைபட்டுத்தான் அந்த மூட்டம் உண்டாகிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு சட்டங்கள் வந்தன. 1967இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம், கார்பரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெற்றோலை அளந்து தெளிக்கும் அமைப்பை ஃபொக்ஸ்வாகன் காரில் கொண்டுவந்தது. 1976இல் வொல்வோ கார்களில் ஒக்சிஜன் சென்சர் வந்தது.

ஏன் அந்த சென்சர்? புகையைச் சுத்தப்படுத்தும் கெட்டலிக் கொன்வேர்ட்டர் சரியாக வேலை செய்ய, ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு பிசகக்கூடாது. கார்பரேட்டரால் அவ்வளவு துல்லியம் முடியாது. ஆகவே ஒரு சின்னக் கணினி. அந்தக் கணினிக்குக் கண் காது வேண்டும். உள்ளே போகிற காற்று எவ்வளவு, எஞ்சின் எவ்வளவு சூடு, அக்சிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது, வெளியேறும் புகையில் ஒக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சர். கலிஃபோர்னியா 1988 மொடல் வாகனங்களிலிருந்து, குறையைத் தானே கண்டுபிடித்து விளக்கெரிக்கும் அமைப்பைக் கட்டாயமாக்கியது. 1996இலிருந்து அமெரிக்கா முழுக்க ஒரே மாதிரியான சொக்கட், ஒரே மாதிரியான குறியீடு வந்தது. ஓபிடி இரண்டு என்று கராஜில் சொல்வது அதைத்தான். டீசலும் தப்பவில்லை. 1995இல் ஜப்பானின் டென்சோ, ஹினோ லொறிக்காகக் கணினி கட்டுப்படுத்தும் கொமன் ரெயில் முறையைக் கொண்டுவந்தது. டொல்பினுக்குப் பின்னால் வந்த 'கேடிஎச்' வேன்கள் இந்த வம்சம்.

எங்கள் நாட்டுக்கு இவை வந்த விதத்தில் ஒரு முரண் இருக்கிறது. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் முற்றாக நீங்கியது 2002இல்தான். ஈயம் ஒக்சிஜன் சென்சருக்கும் கொன்வேர்ட்டருக்கும் நஞ்சு. அதாவது 1990களில் சென்சரோடு கப்பலில் வந்து, ஈயப் பெற்றோல் ஊற்றி ஓட்டப்பட்ட வண்டிகளில், அந்த சென்சர் ஊர் பார்ப்பதற்குள் சாகத் தொடங்கிவிட்டது. புகைப் பரிசோதனை நடைமுறைக்கு வரத் தொடங்கியது 2008இல். அதே வருடம்தான் டூ ஸ்ட்ரோக் திரீவீல் இறக்குமதியும் நின்றது. ஒரு கருவி முதலில் வந்தது, அதற்குத் தேவையான எண்ணெய் பிறகு வந்தது, சட்டம் அதற்கும் பிறகு வந்தது, அதைத் திருத்தும் அறிவு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

எஞ்சினிடம் எப்படிக் கேட்பது

அந்த அறிவு ஒன்றும் மந்திரம் இல்லை. 1990களின் டொயோட்டா பெற்றோல் வண்டிகளுக்கு ஸ்கேனர்கூட வேண்டாம். எஞ்சின் பக்கம் உள்ள சின்னக் கறுப்புப் பெட்டியைத் திறந்தால் டிஈ1, ஈ1 என்று இரண்டு துளை இருக்கும். இரண்டையும் ஒரு சின்ன வயர்த் துண்டால் இணைத்து சாவியைத் திறந்தால், 'செக் எஞ்சின்' விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஒரே சீராக வேகமாகச் சிமிட்டினால் கணினியிடம் முறைப்பாடு ஒன்றும் இல்லை. இரண்டு சிமிட்டு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு சிமிட்டு என்றால் 22, அதாவது எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சர். நாலு சிமிட்டு, இடைவெளி, ஒன்று என்றால் 41, திரொட்டில் சென்சர். 12, 13 என்றால் எஞ்சின் சுற்றும் சமிக்ஞை வரவில்லை. துளை மாற்றி வயர் போட்டுவிடாமல் இருந்தால் போதும்.

புதிய வண்டிகளில் ஸ்கேனர் போட்டால் பி0335 என்பது கிராங்க் சென்சர், பி0505 என்பது ஐட்லிங், பி0171 என்பது கலவையில் பெற்றோல் குறைவு. இவற்றை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், ஸ்கேனர் போடுவதற்கு முன்பே சாரதியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்.

முதல் கேள்வி: சுவிட்ச் போட்ட மாதிரி பட்டென்று நின்றதா, திக்கித் திணறி நின்றதா? பட்டென்று என்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம். திணறி என்றால் பெரும்பாலும் எண்ணெய்ப் பக்கம். நிற்கும் நொடியில் எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சுற்றுமானியின் முள் விழுந்துவிட்டால், பல வண்டிகளில் அது கிராங்க் சென்சரைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது: சூடாகிய பிறகு நின்று, அரை மணி ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறதா? காந்த வகைக் கிராங்க் சென்சருக்குள் மயிரிழைக் கம்பிச் சுருள் இருக்கிறது. சூட்டில் விரிந்து அறுபடும், ஆறினால் தொட்டுக்கொள்ளும். கராஜுக்குப் போய்ச் சேரும்போது வண்டி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடும். பெற்றோல் பம்பும் இக்னைட்டரும்கூட இதே நாடகம் போடும்.

மூன்றாவது: காலையில் குளிரில் மட்டும் தொந்தரவா, கறுப்புப் புகை, பெற்றோல் மணம் உண்டா? சூட்டு சென்சரைப் பாருங்கள். அதன் மின்தடை 20 பாகையில் சுமார் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் சில நூறு ஓம் மட்டும்தான். கழற்றி ஒரு கோப்பைச் சுடுதண்ணியில் முனையை வைத்து, சாதாரண மீட்டரால் அளந்தாலே உண்மை தெரிந்துவிடும்.

நான்காவது: சந்தியில், இறக்கத்தில், கால் எடுத்தவுடன் மட்டும் நிற்கிறதா? திரொட்டிலில் கரி, ஐட்லிங் வால்வில் அழுக்கு, எங்கோ வெடித்த ரப்பர்க் குழாய். சென்சர் வாங்குவதற்கு முன் ஒரு போத்தல் கிளீனர் வாங்குவது புத்தி. கேடிஎச் மாதிரி கொமன் ரெயில் டீசல் இப்படி நின்றால், பம்பில் உள்ள எஸ்சிவி என்ற வால்வு அழுக்கு டீசலால் இறுகிப்போவது பேர்போன காரணம்.

ஐந்தாவது கேள்வியைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்: டேங்கில் எவ்வளவு எண்ணெய் இருந்தது? ஐந்நூறு ரூபாவுக்கு, ஆயிரம் ரூபாவுக்கு என்று அடித்து ஓடும் வண்டியில், செங்குத்தான மேட்டில் மிச்ச எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றை உறிஞ்சும். எஞ்சின் நிற்கும். டேங்குக்குள் இருக்கும் பம்புக்கு எண்ணெய்தான் குளிர்ச்சி, அதனால் எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டினால் பம்பும் சீக்கிரம் போகும். இல்லாதவன் வண்டி அடிக்கடி நிற்பது தலைவிதி இல்லை, பொறியியல்.

ஆறாவது எங்கள் ஊருக்கே உரியது: மழை. இரத்தினபுரிப் பக்கம் வருடத்துக்கு 3000 மில்லிமீற்றருக்கும் மேல் கொட்டும். 2003இலும் 2017இலும் களு கங்கை பெருகி வந்தபோது வண்டிகளும் தண்ணிக்குள் கிடந்தன. வயர் பொருந்தும் இடங்களில் பச்சை பூத்தால், சென்சர் நல்லாயிருந்தும் செய்தி கணினிக்குப் போகாது. பாதிப் பழைய வண்டிகளுக்குப் புது சென்சரைவிட வயர் முனையைச் சுத்தம் பண்ணுவதுதான் வைத்தியம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓடும்போது எஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும். பிரேக்கில் மிச்சமிருக்கும் உறிஞ்சலில் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் பலம். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் வைத்துவிட்டுத்தான் பொனட்டைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது பூட்டு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில், அதுவும் பெரிய வரியோடு. 1970களுக்குப் பிறகு இது இரண்டாவது பூட்டு. ஆனால் ஒரு வித்தியாசம். அன்று பூட்டுக்குள் அகப்பட்டவை கண்ணால் பார்த்துத் திருத்தும் வண்டிகள். இன்று அகப்பட்டவை சென்சர் வண்டிகள். கடைசல் பட்டறையில் ஒரு புஷ் கடையலாம், ஒக்சிஜன் சென்சர் கடைய முடியாது.

நடுவில் 2022. ஏப்ரல் 18 நள்ளிரவில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 254 ரூபாவிலிருந்து 338க்கு ஏறியது. மறுநாள் எங்கள் கேகாலை மாவட்டத்து றம்புக்கணையில் ரயில் பாதையை மறித்து நின்ற மக்கள் மீது பொலிஸார் சுட்டார்கள், ஒருவர் செத்துப்போனார். ஜூன் 28இலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எண்ணெய். பிறகு கியூஆர் முறையில் திரீவீலுக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு 5 லீற்றர். லயத்து விளக்குக்கும் அடுப்புக்கும் எரிந்த மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்ட் வரை 87 ரூபா, பிறகு ஒரே அடியாக 340. அந்த விலை வித்தியாசம் இருந்த மாதங்களில் மண்ணெண்ணெய் கலந்த எண்ணெயும், பரலில் தேக்கிய தண்ணி கலந்த எண்ணெயும் எஞ்சின்களுக்குள் போயின. பிளக் கருகியது, இன்ஜெக்டர் அடைத்தது, மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் பம்ப் இறுகியது. இன்றைக்கு மேட்டில் நிற்கும் பழைய வேன்கள் சிலவற்றுக்குள் 2022 இன்னும் கிடக்கிறது.

கோட் ஒரு சாட்சி

இங்கேதான் கலைப்பீடத்துப் படிப்பு உதவுகிறது என்று நாங்கள் நம்புகிறோம். வரலாற்று வகுப்பில் முதலில் சொல்லித்தருவது, ஆவணம் ஒரு சாட்சிதான், தீர்ப்பு இல்லை என்பது. யார் சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னது, எதைப் பார்த்திருக்க முடியாது என்று கேட்க வேண்டும். ஸ்கேனரில் வரும் கோடும் அதே மாதிரிதான். பி0171 வந்தவுடன் ஒக்சிஜன் சென்சரை மாற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த சென்சர் உண்மையைத்தான் சொல்லியிருக்கலாம்: நிஜமாகவே பெற்றோல் குறைவு, ஏனென்றால் பம்ப் பலவீனம், அல்லது வெடித்த குழாயால் கள்ளக் காற்று உள்ளே போகிறது. சாட்சி சொன்னவனைத் தூக்கி எறிந்துவிட்டால் குற்றவாளி அங்கேயே இருப்பான். வண்டி மறுபடி நிற்கும்.

இந்தப் பிழையின் விலை யார் தலையில் விழுகிறது? தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா ஆனது, 2024இல் அடிப்படை 1350 ஆனது. ஊகத்தில் வாங்கும் ஒவ்வொரு பாகத்தையும் அந்தச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள், எத்தனை நாள் மலையில் நின்ற உழைப்பு என்று தெரியும். பணக்காரரின் வண்டியில் பிழையான கணிப்பு ஒரு எரிச்சல். லயத்துத் திரீவீலில் அது ஒரு லீசிங் தவணை, சில நேரம் ஒரு நோயாளியின் உயிர்.

பொயின்ட் காலத்து அறிவு கையால் கைக்கு வந்தது, தமிழில் வந்தது. சென்சர் காலத்து அறிவு ஸ்கேனர் திரையில் ஆங்கிலத்தில் வருகிறது. கொழும்பு கராஜ்களில் வேலை செய்யும் எங்கள் தம்பிமார் பலர் அதைப் பார்த்தே பழகிவிட்டார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது எழுத்தில் இல்லை. அவர்கள் வெளிநாடு போனால் அதுவும் கூடவே போய்விடுகிறது.

அதனால் எங்கள் வட்டத்தில் ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறோம். தோட்டத்து லொறி ஓட்டிய, ஃபெக்டரி எஞ்சின் பார்த்த, கராஜ் வைத்த பெரியவர்களிடம் போய்க் கேட்டு எழுதுகிறோம்: எந்த வண்டி, எந்த மேடு, எப்படி நின்றது, எதை வைத்துத் திருத்தினீர்கள். கூடவே இன்றைய பிள்ளைகளிடமும் கேட்கிறோம்: எந்த அறிகுறிக்கு எந்தக் கோட் வந்தது, கடைசியில் உண்மையான காரணம் என்னவாக இருந்தது. இரண்டும் ஒரே கொப்பியில். உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ அப்படி ஒருத்தர் இருந்தால் அவரிடம் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஒரு பேனாவும் கொண்டுபோங்கள்.